தாத்தா டப்பாவில் அமெரிக்க வெள்ளிக் காசு: கோடியா, கிராம் கணக்கா?

புளியந்தோப்பில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க, பரணில் இருப்பதையெல்லாம் இறக்குகிறார்கள். அதில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று. உள்ளே பழைய ரேஷன் கார்டு, தாத்தாவின் ஹார்பர் பாஸ், ஒரு கைப்பிடி காசு. ஓட்டைக் காலணா, சதுர ரெண்டணா எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே சட்டை பட்டனைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெலிசாக, கருத்துப்போன ஒன்று. ஒரு பக்கம், இறக்கை வைத்த தொப்பி போட்ட முகம்.

"ஆயா, இது எந்த ஊர் காசு?"

"அதுவா, தாத்தா கப்பல்காரன்கிட்ட வாங்கினது. செல்லாது. ஆனா தூக்கிப் போட்டுடாதன்னு சொல்லினே இருப்பாரு."

பேரன் செல்போனில் தேடுகிறான். அமெரிக்காவில் ஒரு பழைய பத்து சென்ட் காசு பல கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வருகிறது. அடுத்த பத்தாவது நிமிஷம் இன்னொன்று வருகிறது: 'பழைய காசு இருக்கா? போட்டோ அனுப்புங்க, லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கோங்க.'

முதல் செய்தி உண்மை. இரண்டாவதில்தான் பல குடும்பங்கள் கையில் இருந்த பணத்தையும் இழந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே அந்தக் காசின் நிஜ மதிப்பு எங்கே இருக்கிறது?

டைம் என்றால் என்ன?

அமெரிக்காவில் ஒரு டாலருக்கு 100 சென்ட். அதில் பத்து சென்ட் காசின் பெயர்தான் 'டைம்'. பத்தில் ஒரு பங்கு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். 1796-ல் முதன்முதலாகப் புழக்கத்துக்கு அச்சடிக்கப்பட்டது. அமெரிக்கச் சில்லறையில் ஆகச் சிறிய காசு இதுதான். ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகள்கூட இதைவிடப் பெரியவை. மதிப்புக்கு ஏற்ற அளவு வெள்ளி வைத்து அடித்ததால் வந்த வினை அது. அந்த ஐந்து சென்ட்டும் ஒரு சென்ட்டும் மலிவான உலோகம். வெள்ளி போனபிறகும் அளவு மாறவில்லை.

இன்னொரு வேடிக்கை, காசில் எங்கேயும் '10' என்ற எண் இருக்காது. 'ஒன் டைம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். நம் ஊரில் இந்தக் காசை வைத்துக்கொண்டு 'எவ்வளவு ரூபாய் காசுன்னே தெரியலையே' என்று விழிப்பவர்கள் அதிகம் இருப்பதற்கு இதுவும் காரணம்.

1964 வரை தேதியிட்ட டைம்களில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 1965-ல் வந்த நாணயச் சட்டம் வெள்ளியை எடுத்துவிட்டது. அதன்பிறகு வந்தவை, நடுவில் செம்பும் இரு பக்கமும் செம்பு-நிக்கல் கலவையும் வைத்த 'சாண்ட்விச்' காசுகள். காசைக் கிடையாகப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். செம்பு நிறக் கோடு ஓடினால் வெள்ளி இல்லை. முழுவதும் ஒரே வெள்ளை என்றால் மேலே படிக்கலாம்.

நாலு முகம் தெரிந்தால் போதும்

நம் டப்பாக்களில் கிடைக்க வாய்ப்புள்ள வெள்ளி டைம்கள் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கிவிடும். 1837 முதல் 1891 வரை, உட்கார்ந்திருக்கும் சுதந்திர தேவி. 1892 முதல் 1916 வரை, தலையில் இலை மாலை சூடிய பெண் முகம். வடிவமைத்தவர் பெயரால் 'பார்பர் டைம்' என்பார்கள். 1916 முதல் 1945 வரை, இறக்கைத் தொப்பி. 1946 முதல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்.

இறக்கைத் தொப்பிக் காசை உலகமே 'மெர்குரி டைம்' என்று கூப்பிடுகிறது. உண்மையில் அது ரோமானியக் கடவுள் மெர்குரி இல்லை. அதுவும் சுதந்திர தேவிதான். சிந்தனைச் சுதந்திரத்தைக் காட்ட, சிற்பி அடால்ஃப் வைன்மேன் தொப்பியில் இறக்கை வைத்தார். மக்கள் வேறு பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

ரூஸ்வெல்ட் டைமுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தவர் அவர். போலியோ ஒழிப்புக்கு அவர் தொடங்கிய அமைப்புக்கு அமெரிக்கர்கள் பத்து பத்து சென்ட்டாக நன்கொடை அனுப்பினார்கள். அதனால் அவர் மறைந்த பிறகு, அவர் பிறந்த நாளான ஜனவரி 30 அன்று, 1946-ல் அதே பத்து சென்ட் காசில் அவர் முகம் வந்தது. அதில் 'ஜேஎஸ்' என்று பொடி எழுத்தில் இருப்பது வடிவமைத்த ஜான் சின்னாக்கின் முதலெழுத்து. அதை ஜோசப் ஸ்டாலின் என்று வதந்தி கிளப்பியவர்களும் இருந்தார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே!

எது அரிது, எது சாதாரணம்?

பழசு என்றால் விலை அதிகம் என்பதுதான் முதல் தவறான நம்பிக்கை. விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை அடித்தார்கள், இன்று எத்தனை மிச்சம், எந்த நிலையில் இருக்கிறது. 1964-ம் ஆண்டு டைம் வெள்ளிதான். ஆனால் அந்த ஒரு ஆண்டுத் தேதியில் மட்டும் 200 கோடிக்கு மேல் அடித்திருக்கிறார்கள். அதை யாரும் அரிது என்று வாங்க மாட்டார்கள்.

மறுமுனையில் 1894-ல் சான் பிரான்சிஸ்கோ அக்கசாலை அடித்த டைம். மொத்தமே 24. இன்று இருப்பதாகத் தெரிந்தவை பத்துக்கும் கீழே. 2016-ல் ஒன்று சுமார் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பேரன் செல்போனில் பார்த்தது இந்த மாதிரிச் செய்திதான். அக்கசாலைத் தலைவர் தன் மகளிடம் மூன்று காசு கொடுத்து, 'பெரியவளானதும் விற்றுக்கொள்' என்றாராம். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒன்றைக் கொடுத்து ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டது என்று ஒரு கதை. உண்மையா என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் தேய்ந்துபோன ஒரு 1894 காசை சேகரிப்பாளர்கள் இன்றும் 'ஐஸ்கிரீம் காசு' என்றுதான் சொல்கிறார்கள்.

இதைவிட அபூர்வம், 1873-ல் கார்சன் சிட்டியில் அடித்து, தேதிக்கு இருபுறமும் அம்புக்குறி இல்லாத டைம். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். 2012-ல் 18 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது.

இவை நம் டப்பாவில் இருக்கப்போவதில்லை. கவனிக்கவேண்டியது 1916 மெர்குரி. அந்த ஆண்டு டென்வர் அக்கசாலை 2,64,000 மட்டுமே அடித்தது. தேய்ந்த காசுக்கே சில நூறு டாலர் கிடைக்கும். அடையாளம், பின்பக்கம் கீழே, கோடரியோடு கட்டிய கழிக்கட்டுக்கு இடது ஓரத்தில் பொடியாக ஆங்கில 'டி' எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காகவே சாதாரண 1916 காசில் 'டி' ஒட்டி ஏமாற்றும் தொழில் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1921-ல் அடித்தவையும், 1942-ல் '2'-க்கு அடியில் பழைய '1' தெரியும்படி தவறாக விழுந்தவையும் நல்ல விலைக்குரியவை. மற்ற தேய்ந்த மெர்குரிகளில் பெரும்பாலானவை வெள்ளி விலைக்கோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலுக்கோதான் கைமாறும்.

அந்த வெள்ளி விலை எவ்வளவு?

1873-க்குப் பிறகு வந்த வெள்ளி டைம் ஒன்றின் எடை 2.5 கிராம். அதில் சுத்த வெள்ளி 2.25 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கிராம் 100 ரூபாய் என்றால் 225 ரூபாய். தேய்ந்திருந்தால் இன்னும் குறையும். சௌகார்பேட்டை வெள்ளிக் கடையில் கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள், அதிலும் சேதாரம் கழித்து. அங்கே அது அமெரிக்கக் காசு இல்லை, வெறும் உலோகம். அதனால் அரிய காசா என்று தெரிவதற்கு முன்னால் அங்கே கொண்டுபோகக் கூடாது.

அமெரிக்க வெள்ளி ஏற்கெனவே நம் வீட்டில்

டைம் கிடைக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918, 1919, 1920 வெள்ளி ரூபாய் இருந்தால், அதற்குள் அமெரிக்க வெள்ளி இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

முதல் உலகப் போர் நேரம். பிரிட்டன் இந்தியாவிலிருந்து சணல், தானியம், தோல் என்று வாங்கிக் குவித்தது. சிப்பாய்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் காகிதத்தை நம்பத் தயாரில்லை. கையில் வெள்ளி ரூபாய் வேண்டும் என்றார்கள். வாங்கிய ரூபாய் திரும்பிப் புழக்கத்துக்கும் வரவில்லை. பானைக்குள் போனது, உருகிக் கொலுசானது, அரைஞாண் ஆனது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏற ஏற, ரூபாயின் முக மதிப்பைவிட அதிலுள்ள வெள்ளிக்கு மதிப்பு கூடியது. 1917-ல் காசை உருக்குவதை அரசு தடை செய்தது. அதே ஆண்டு நவம்பர் 30-ல் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. ரெண்டேகால் கிராம்கூட இல்லாத நம் சின்ன வெள்ளி ரெண்டணா 1917-ஓடு நின்றது. 1918-லிருந்து வந்ததுதான் தாத்தா டப்பாவில் இருக்கும் அந்தச் சதுர ரெண்டணா, செம்பு-நிக்கல் காசு. அளவிலும் வேலையிலும் நமக்கு டைம் மாதிரி இருந்தது அந்த வெள்ளி ரெண்டணாதான்.

இதெல்லாம் போதவில்லை. நோட்டைக் கொடுத்தால் வெள்ளி தருகிறோம் என்ற வாக்கையே காப்பாற்ற முடியாத நிலைக்கு அரசு வந்தபோது, பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. 1918 ஏப்ரல் 23-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிட்மன் சட்டம் அமலுக்கு வந்தது. கஜானாவில் மூட்டை மூட்டையாகக் கிடந்த வெள்ளி டாலர் காசுகளில் 27 கோடிக்கு மேல் உருக்கினார்கள். அதில் சுமார் 25.9 கோடி காசுகளின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. மொத்தம் 20 கோடி அவுன்ஸ். மிச்சம் சுமார் 1.1 கோடி டாலர் காசு அமெரிக்காவின் சொந்தச் சில்லறைக்கு ஒதுக்கப்பட்டது. அரை டாலர், கால் டாலர், டைம் எல்லாம் அந்தச் சில்லறையில் அடக்கம்.

ஆக, ஒரே உலையில் உருகிய வெள்ளியில் பெரும்பங்கு நம் ரூபாயாகவும் சிறுபங்கு அவர்கள் சில்லறையாகவும் பிரிந்திருக்கிறது. ஒரு டாலர் காசின் வெள்ளியில் நம் ரூபாய் இரண்டே கால் அடிக்கலாம். 20 கோடி அவுன்ஸில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 58 கோடி ரூபாய்க் காசு வருகிறது.

அந்தச் சட்டம் வந்த நாலாவது நாள், 1918 ஏப்ரல் 27-ல், புளியந்தோப்புக்குப் பக்கத்திலேயே பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளர்களைக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. போர்க்கால விலைவாசியும் பத்தாத கூலியும் வேலை நெருக்கடியும் அதன் பின்னணி. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் வாஷிங்டனில் ரூபாயைப் பற்றிப் பேசிய அதே வாரம், இங்கே அந்த ரூபாய் எத்தனை கைக்கு வருகிறது என்று பேசியிருக்கிறார்கள்.

உருகி வந்த வெள்ளி அச்சானது பம்பாயிலும் கல்கத்தாவிலும். நம் தங்கசாலை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1869-ல் மூடப்பட்டுவிட்டது. தெருவுக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

இரண்டாம் உலகப் போரில் இதே கதை இன்னொரு முறை. இந்த முறை விலைக்கு அல்ல, கடனுக்கு. சுமார் 22.6 கோடி அவுன்ஸ் அமெரிக்க வெள்ளி பிரிக்கப்படாத இந்தியாவுக்கு வந்தது. வெள்ளியாக வாங்கியதை வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகப் பாதி வெள்ளி கலந்த 1940-களின் ரூபாய்களைப் புழக்கத்திலிருந்து திரும்ப வாங்கி, கல்கத்தா அலிப்பூரில் சுத்திகரித்து அனுப்பினோம். அந்த ரூபாய்கள் பலவும் இன்று நம்மிடம் இல்லாததற்கு ஒரு காரணம் இது.

புளி போட்டுத் தேய்க்காதீங்க

புளியந்தோப்புக்காரர்களிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் சொல்லியாக வேண்டும். காசு கருத்திருக்கிறது என்று புளி, திருநீறு, பல்பொடி, சபீனா எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பளபளப்பு வரும், மதிப்பு போகும். தேய்த்த கீறல்கள் பூதக்கண்ணாடியில் உடனே தெரியும். சேகரிப்பாளர் பாதி விலைகூடத் தர மாட்டார்.

வெள்ளியின் கருப்பு துரு அல்ல. காற்றிலுள்ள கந்தக வாயுக்கள் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றமும் அதே வகை வாயுதான். கால்வாய்ப் பக்க வீடுகளில் கொலுசு சீக்கிரம் கருக்கிறது என்று பெண்கள் சொல்வதில் வேதியியல் இருக்கிறது. சமமாகப் படிந்த பழைய கருப்பு, காசு யார் கையிலும் மாட்டி தேய்க்கப்படவில்லை என்பதற்கான சான்றிதழ் மாதிரி. அதை அப்படியே விடுங்கள். விளிம்பில் பிடியுங்கள். மலிவான மெத்துமெத்து பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அதிலிருந்து கசியும் ரசாயனம் காசில் பச்சையாகப் பிடிக்கும்.

நிஜமா போலியா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை. நகைக் கடைத் தராசில் 2.5 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரலாம், அதைவிடக் கூடுதலாக வந்தால் சந்தேகம். விட்டம் 17.9 மில்லிமீட்டர். அடகுக் கடையில் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள். கேரட் மீட்டர் இருந்தால் கீறாமலே சொல்லிவிடும்.

லட்சம் தருகிறோம் என்று போன் வந்தால்?

மோசடியின் பாணி ஏறக்குறைய ஒன்றுதான். போட்டோ அனுப்பச் சொல்வார்கள். 'உங்க காசு 12 லட்சம் சார்' என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம் 1,500. அதைக் கட்டினால் ஜிஎஸ்டி. அதையும் கட்டினால் ரிசர்வ் வங்கி அனுமதிச் சான்று. முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டு ஒரு கடிதமும் வரும். காசு டப்பாவிலேயே இருக்கும், பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே இதுபற்றி எச்சரித்தது. தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து, பழைய காசு, நோட்டு வியாபாரத்துக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் பறிக்கிறார்கள். தாங்கள் அந்த விஷயத்தில் ஈடுபடுவதே இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று சொன்னது. நினைவில் வைக்கவேண்டியது இதுதான்: காசை விற்பவர் நீங்கள். பணம் உங்களிடம் வர வேண்டுமே தவிர, நீங்கள் முன்பணம் கட்ட ஒரு காரணமும் இல்லை. ஏற்கெனவே கட்டிவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1972-ம் ஆண்டு தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த நாணயம் எதுவும் தொல்பொருள் வரையறைக்குள் வருகிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காசு அமெரிக்காவில் பிறந்ததாக இருக்கலாம், ஆனால் 1916 டைமை அங்கே ஏலத்துக்கு அனுப்பலாம் என்று கூரியர் கடைக்குப் போனால் சிக்கல் வரும். அமெரிக்காவில் இருக்கும் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவதற்கும் இதே கேள்வி எழும்.

அப்படியானால் யாரிடம் காட்டுவது? எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு, பழைய காசு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க நல்ல இடம். விலை தெரிய, சென்னையில் அவ்வப்போது நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்குப் போகலாம். ஒரே மேஜையில் கேட்டுவிட்டு வந்துவிடாமல் மூன்று, நாலு பேரிடம் காட்டுங்கள். சொல்லும் விலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதே நிறையச் சொல்லிவிடும். வாங்குபவர் சொல்லும் விலைக்கும் அதே காசை அவர் விற்கும் விலைக்கும் இடைவெளி இருக்கும். அது ஏமாற்று இல்லை, அவர் பிழைப்பு.

புளியந்தோப்பு வீட்டுக்கு வருவோம். பேரன் செல்போன் டார்ச்சை அடித்து, காசின் பின்பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறான். இடது ஓரத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஆண்டு 1943. காந்தத்தில் ஒட்டவில்லை. தெருமுனை நகைக் கடையில் 2.43 கிராம்.

"எவ்ளோ சொன்னாங்க?"

"எரநூறு சொச்சம் தருவாங்களாம் ஆயா."

"அப்ப டப்பாவுலயே போடு. உங்க தாத்தா ஹார்பர் பாஸ் கூடவே இருக்கட்டும்."